கோழி மருந்து

சௌந்தர்யாவுக்குக் கோபம் வந்தால் கூரை பறக்கும் என்று வீட்டுக்கு வருகிற ஒறம்பரை சனத்திடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான் அவள் புருஷன் சபரிநாதன். வடிகட்டின பொய். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கத்தியது ஒரே ஒரு தடவை. அதுவும் ஒரு ஜோடி மீனால்.

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகிற ரோட்டோரம் அவர்களுடைய முட்டைக்கோழிப் பண்ணை. பண்ணையை ஒட்டி வீடு. வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்னால் அவள் ஒரு தீவனப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். "பண்ணைக்காரன் பொண்டாட்டி எதுக்குச் சம்பளத்துக்குப் போகோணும்?" என்று கேட்டார்கள், விட்டுவிட்டாள். ஆனால் கோழிகள் குடிக்கிற தண்ணீரைச் சோதித்து, குளோரின் சரியா என்று பார்க்கிற வேலை மட்டும் காலையில் அவள் தலையில்தான். அதற்குப் பெயர் வீட்டு வேலையாம்!

அந்த வெறுப்பில்தான் கூடத்து மூலையில் கடல்மீன் வளர்க்க உப்புநீர்த் தொட்டி ஒன்றை வைத்தாள். தன் கையால் அளந்து, தன் கணக்குப்படி நடக்கிற ஒரு காரியமாவது வீட்டில் இருக்கட்டும் என்று. தொட்டிக்குள் வைக்கிற கடல்பாறை சென்னைக் கடையிலிருந்து பார்சலில் வந்தது. பாறை தனியாகவா வந்தது? இண்டு இடுக்கிலெல்லாம் டிக்கெட் வாங்காத ஆட்கள். டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாகத் தரையில் உட்கார்ந்து, போனில் இருக்கிற படங்களோடு ஒத்துப் பார்த்து, ஒவ்வொன்றும் என்ன ஏது என்று கண்டுபிடித்தாள். காலெல்லாம் மயிர், கொடுக்கு நுனி கறுப்பு, அது மீனைப் பிடித்துத் தின்கிற நண்டு. கண்ணாடி டம்ளரைப் பாறையில் சாய்த்து உள்ளே இறால் துண்டு போட்டாள். இறங்கின நண்டுக்கு வழுக்குகிற கண்ணாடியில் ஏறத் தெரியவில்லை, ஆள் அகப்பட்டுக்கொண்டது. விசிறி மாதிரி விரிந்து சுருங்குகிற புழு சாது, இருக்கட்டும் என்று விட்டாள். இளஞ்சிவப்பில், பக்கவாட்டில் வெள்ளை மயிரோடு ஊர்கிற புழுக்களையும் விட்டாள்.

"ஏனுங்க, இந்தப் புழுவுங்கதான் மிஞ்சின தீனியையும் செத்ததையும் தின்னு தண்ணியச் சுத்தமா வெச்சிருக்குதுங்க. கைய உட்டுறாதீங்க, மயிரு குத்திக்கும். அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

"ம்" என்றான் சபரிநாதன், போனில் முட்டை விலையைப் பார்த்துக்கொண்டே.

சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறையும். அவள் சுத்திகரித்த நல்ல தண்ணீரை ஊற்றுவாள்.

"உப்புத்தண்ணி மீனுக்கு எதுக்குப் புள்ள வெறுந்தண்ணி ஊத்தறே?"

"தண்ணிதாங்க ஆவியாப் போவுது, உப்பு உள்ளயே நிக்குது. மறுக்கா உப்புத்தண்ணி ஊத்துனா கரிச்சுப்போயி செத்துப்போயிருமுங்க."

"ம்."

இந்த 'ம்' இருக்கிறதே, அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உப்பளவு ஏறாமல் இறங்காமல், சூடு கூடாமல், கரண்டு போனால் இன்வெர்ட்டரில் மாற்றி, மாசக்கணக்காகக் கட்டிக் காத்ததற்குப் பலனாக ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் ஜோடி பாறையில் முட்டை வைத்தது. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு திட்டு. ஆண் மீன் அந்த இடத்தை விட்டு நகராமல் செட்டையால் விசிறிக்கொண்டே கிடந்தது. லட்ச லட்சமாய் முட்டை லாரி ஏறுகிற அந்த வீட்டில் இது ஒன்றுதான் அவளுடைய முட்டை. பொரிக்கவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

சேந்தமங்கலத்தில் சின்னம்மா வீட்டுப் புதுமனை புகுவிழா. போகாமல் தீராது. "தீனிகூட போட வேண்டாமுங்க, தொடாம இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் மத்தியானம் வாசல் ஏறும்போதே நாற்றம். தொட்டியில் நுரை கட்டியிருந்தது. மணல்மேல் புழுக்கள் கொத்துக் கொத்தாய்ச் செத்து வெளுத்துக் கிடந்தன. பெண் மீன் மல்லாந்து மிதந்தது. ஆண் மீன் மட்டும் செவுள் படபடக்க, வெளுத்துப்போன முட்டைத் திட்டின் எதிரே இன்னமும் விசிறிக்கொண்டிருந்தது.

"முட்டைகிட்ட புழு ஊர்ந்துச்சு புள்ள" என்று பின்னால் வந்து நின்றான் சபரிநாதன். "தின்னுபோடுமேன்னு கோழிக்குத் தண்ணியில உடற குடற்புழு மருந்த சித்தெ ஊத்திப்போட்டேன். உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான்."

அவள் அப்போதுகூடக் கத்தவில்லை. கத்த நேரம் எங்கே இருக்கிறது? செத்த புழுவெல்லாம் அழுகித் தண்ணீரை விஷமாக்கிக்கொண்டிருக்கிறது. அவசரத்துக்கென்று டிரம்மில் கலக்கி வைத்திருந்த உப்புநீரில் ஆண் மீனை மாற்றினாள். பாறையை அலசி அதே டிரம்மில் வைத்தாள். செத்த புழுக்களை வாரி வாரிக் கொட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டே செய்தாள். பண்ணைக்குள் வெளியாள் நுழைந்தால் செருப்பைக் கழற்றி மருந்துத் தண்ணீரில் கால் நனைக்க வைக்கிற மனுஷன், அவள் தொட்டியில் மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் ஊற்றுவானாம்!

முட்டை ஒன்றும் தேறவில்லை.

மறுநாள் சாயங்காலம் சபரிநாதன் சேலத்திலிருந்து வந்தான். கையில் காற்றடைத்த பிளாஸ்டிக் பை. உள்ளே இரண்டு தங்கமீன்.

"வெசனப்படாதே கண்ணு, போச்சாது உடு. அதே நெறந்தான், பாரு. தொட்டியில உட்டுரு."

அப்போதுதான் கத்தினாள்.

"இது நல்லதண்ணி மீனுங்க! உப்புல உட்டா துடிச்சுச் செத்துப்போவும்! நெதமும் உங்க கண்ணு முன்னாலதான உப்பு அளந்தேன்? வாயி வலிக்க வலிக்கச் சொன்னனே, ஒரு நாளாச்சும் காதுல வாங்குனீங்களா? மருந்து ஊத்துனதுகூடத் தெரியாமச் செஞ்சதுன்னு வெச்சுக்கலாம். இதுக்கு என்ன சொல்லுவீங்க?"

கூலியாட்கள் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

"செரி புள்ள, கத்தாத" என்றான் அவன். பையைத் தூக்கிப் பார்த்தான். "இதுக்கு என்ன தண்ணி வேணும்?"

கல்யாணமான நாளிலிருந்து, பதில் வேண்டும் என்று அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி. அதுவும் இப்போது!

"வித்தவனக் கேளுங்க. நாஞ்சொன்னா உங்களுக்கு 'ம்'தான வரும்?" என்றாள். ஆணியில் மாட்டியிருந்த பண்ணைத் தண்ணீர்த் தொட்டிச் சாவியை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டாள். "கோழித் தண்ணியும் இனி உங்க பாடு. நாளையிலிருந்து நான் பழையபடி தீவன லேபு வேலைக்குப் போறனுங்க."

அவன் "ம்" என்று வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டான்.