ராஜா பாய்ந்த சனிக்கிழமை

கடந்த சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, என் மகள் ஆதிரையின் ராஜா குதிரையைப் போலப் பாய்ந்தார். பாயச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

செஸ் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள்... தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜா பக்கத்துக் கட்டத்துக்கு ஓரடி நகர்வார், அவ்வளவுதான். பாய்கிற உரிமை குதிரைக்கு மட்டுமே. ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த இந்தச் சங்கதி எங்கள் வீட்டுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது?

அதற்கு ஆறு வாரம் பின்னால் போகவேண்டும். ஆதிரைக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டோர் செஸ் அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று ஒருநாள் வந்து சொன்னாள். வகுப்பில் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கும் சிநேகிதி போன வருஷமே அணிக்குள் போய்விட்டாள். அவர்கள் போட்டிக்குப் போகிற நாளிலெல்லாம் இவள் இடைவேளையில் தனியாக இருந்து சாப்பிடுகிறாள். இதை அவள் முறைப்பாடாகச் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பெட்டி ஏன் பாதி நிரம்பியபடி திரும்பி வருகிறது என்று நான் அதட்டியபோது, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அன்றே தீர்மானித்துவிட்டேன் – இவள் அணிக்குள் போகிறாள்.

எங்கள் வெள்ளவத்தையில் செஸ் வகுப்புக்கா பஞ்சம்? மூன்று இடத்தில் விசாரித்தேன். மூன்றிலும் ஜனவரியில்தான் புது பேட்ச். தெரிவுப் போட்டியோ ஆறு வாரத்தில். சரி, நானே பழகிப் பிள்ளைக்குப் படிப்பிக்கிறேன் என்று அறிவித்தேன். என் கணவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

இதில் மலைக்க என்ன இருக்கிறது? நாற்பது வயதில் கார் பழகி, மூன்றாம் வாரமே காலி வீதியில் பஸ்காரர்களோடு மல்லுக்கு நின்றவள் நான். சிங்களம் பழகியது மீன்காரரோடு விலை பேசித்தான். கேக் ஐசிங்கோ, வருமான வரிப் படிவமோ – தெரிந்த ஒருவரைப் பிடித்துக் கேட்பேன், இரண்டு தரம் செய்து பார்ப்பேன், மூன்றாம் தரம் மற்றவர்களுக்குப் படிப்பிக்கத் தொடங்கிவிடுவேன். யூடியூப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரப் பொடியன், ரயிலைத் தவறவிடப் போகிறவனின் அவசரத்தில் கதைத்தான். மூடிவிட்டேன். எனக்கு எதிரில் ஆள் இருக்கவேண்டும். இடைமறித்துக் கேள்வி கேட்கவேண்டும்.

ஆள் இருந்தார். என் அக்காவின் கணவர், கொட்டாஞ்சேனையில். அத்தானுக்குப் புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை. பகல் சாப்பாடு முடிந்ததும், கடையின் பின்பக்க ஸ்டோர் அறையில் சீமெந்து மூட்டைமேல் போர்டை வைத்து, பக்கத்துக் கடைக்காரர்களோடு முப்பது வருஷமாகச் செஸ் ஆடுகிறார். இவரைவிட வேறு யார் வேண்டும்? ஞாயிறுதோறும் போய் இருந்தேன்.

அத்தான் பொறுமைசாலி. குதிரை எப்படிப் போகும் என்பதை மட்டும் எனக்குப் பதினொரு தரம் காட்டினார். நான்காம் ஞாயிறு, அவருடைய ராஜாவை ஒரு மூலையில் நெருக்கிக்கொண்டு வந்தேன். வெற்றி கைக்கெட்டிய தூரம். மனுஷன் அலட்டிக்கொள்ளாமல் ராஜாவைத் தூக்கி, இரண்டு கட்டம் தாண்டி வைத்தார். இதென்ன அநியாயம் என்றேன்.

"ராசாவுக்கு ஒரு பாய்ச்சல் இருக்கு மச்சாள். அதுவரைக்கும் செக் வாங்காம இருந்தால், ஒரு ஆட்டத்தில ஒரேயொருக்கா குதிரை மாதிரிப் பாயலாம்" என்றார்.

எவ்வளவு அழகான சட்டம்! ராஜா என்றால் அந்தச் சலுகைகூட இல்லாமலா? அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்து ஆதிரைக்கு ஒப்புவித்தேன். அவள் கற்பூரம். பழகத் தொடங்கிய இரண்டாம் வாரமே தகப்பனைத் தோற்கடித்தவள், மூன்றாம் வாரம் என்னை. அந்தப் பாய்ச்சலை மட்டும் கடைசிச் சொக்லேட்டைப் போல ஒளித்து வைத்து, நான் எதிர்பாராத நேரத்தில் எடுப்பாள்.

சனிக்கிழமை, பள்ளிக்கூட மண்டபம். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று ஆட்டம். இரண்டில் வென்றால் அணியில் இடம். பெற்றோருக்குப் பின்வரிசையில் பிளாஸ்டிக் கதிரை, வாய் திறக்கக்கூடாது. முதல் ஆட்டம் கால் மணித்தியாலத்தில் முடிந்தது, வென்றாள். பக்கத்தில் இருந்த தாய்மார் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்க்கவிட்டேன்.

இரண்டாவது ஆட்டத்தில் எதிரில் இருந்த பிள்ளை கெட்டிக்காரி. ராணியும் மந்திரியுமாக ஆதிரையின் ராஜாவை நோக்கி வந்துகொண்டிருந்தாள். ஆதிரை யோசித்தாள். பிறகு நிதானமாக ராஜாவைத் தூக்கிப் பாய வைத்தாள். எதிரில் இருந்தவள் கையை உயர்த்தினாள்.

செஸ் பொறுப்பாசிரியை ரிஸ்னா மிஸ் வந்து, குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார். அதற்கு ஆதிரை சொன்னது பின்வரிசைவரை கேட்டது.

"ராசா ஒருக்காப் பாயலாம் மிஸ். அம்மா சொல்லித் தந்தவ."

குரலில் ஒரு துளி சந்தேகம் இல்லை.

எழுந்து போனேன். மன்னிப்புக் கேட்க என்றா நினைக்கிறீர்கள்? வாதாட! முப்பது வருஷம் ஆடுகிற ஒருவர் சொன்ன சட்டம் இது என்று தொடங்கினேன். ரிஸ்னா மிஸ்ஸுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். என்னை மண்டபத்துக்கு வெளியே விறாந்தைக்கு அழைத்துப்போய், போனில் விதிகளைத் திறந்து கையில் தந்தார். இரண்டு தரம் வாசித்தேன். ராஜா எந்த வரியிலும் பாயவில்லை.

"எங்கட வாப்பாவும் அப்படித்தான் விளையாடுவாரு. பழைய காலத்து முறை மிஸிஸ். போட்டியில அது இல்ல" என்றார். நான் தலைகுனிய வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னார். ஆனாலும் தலை குனிந்தது.

செஸ்ஸில் தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டுமாம். ஆதிரை ராஜாவைத் தொட்டுவிட்டாள். ஓரடி நகர்த்தினாள். ஐந்து நிமிஷத்தில் தோற்றாள்.

அடுத்த ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் படியில் இருவரும் இருந்தோம். உண்மையைச் சொல்கிறேன், ஒரு பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. மிஸ்ஸுக்குப் பழைய சட்டம் தெரியாது, நீ சரியாகத்தான் செய்தாய்... இவ்வளவு சொன்னால் போதும். பிள்ளை நம்பியிருப்பாள். நம்பிவிடுவாள் என்பதுதான் என் வாயைக் கட்டியது.

"பிழை என்ர, குஞ்சு. நான் வடிவா விசாரிக்காமல் உனக்குச் சொல்லித் தந்திட்டன்."

அழுவாள் என்று பார்த்தேன். கழுத்துப் பட்டியின் நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

"வேற என்னெல்லாம் பிழையாச் சொல்லித் தந்தனீங்கள்? இப்பவே சொல்லுங்கோ. அடுத்த கேம் தொடங்கப்போகுது."

எதைச் சொல்வது? எனக்கே தெரியாது! நான் படிப்பித்ததில் எது செஸ், எது சீமெந்து மூட்டைச் சட்டம்? ஓடிப்போய் ரிஸ்னா மிஸ்ஸைப் பிடித்தேன். ஒரு போர்டை விறாந்தைத் தரையில் வைத்து, ஆதிரை தனக்குத் தெரிந்ததை முதலிலிருந்து சொல்ல, மிஸ் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு வந்தார். இன்னும் ஓரிடத்தில் தலை ஆடவில்லை. கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும் சிப்பாய், அந்தக் கட்டத்துக்கு உரிய காயாகத்தான் மாறும் என்று நான் சொல்லியிருந்தேன். அதுவும் பழைய முறை. உண்மையில் எந்தக் கட்டமானாலும் ராணியாகலாம். ராஜாவும் கோட்டையும் ஒரே தடவையில் இடம் மாறிக்கொள்ளும் ஒரு நகர்த்தல் இருக்கிறது என்பதோ நாங்கள் இருவரும் கேள்விப்படாத புதினம். மூன்று தரம் செய்துகாட்டினார். தாயும் மகளும் தரையில் குந்தியிருந்து பழகினோம்.

மூன்றாவது ஆட்டத்தில் ராஜாவும் கோட்டையும் ஒழுங்காக இடம் மாறினார்கள். முக்கால் மணித்தியாலம் இழுத்தது. கடைசியில் ஆதிரையின் சிப்பாய் ஒன்று குதிரைக்குரிய கட்டத்தில் போய் நின்றது. அவள் கை தயங்கியது. ராணி... ராணி... என்று பின்வரிசையில் இருந்து தலையால் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கையை உயர்த்தி, மிஸ்ஸைக் கூப்பிட்டு, கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் ராணியை எடுத்து வைத்தாள்.

வலித்தது. ஆறு வாரம் என் வாயைப் பார்த்து விளையாடிய பிள்ளை அல்லவா? ஆனால் அவள் செய்ததுதான் சரி. நான் அவளுடைய இடத்தில் இருந்தாலும் என்னைக் கேட்டிருக்கமாட்டேன்.

வென்றாள். அணியில் ஐந்தாவது பெயர் அவளுடையது. சிநேகிதி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் மூக்கைச் சிந்தினேன்.

த்ரீவீலில் வீட்டுக்கு வரும்போது அத்தானுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். கடையில் பாய்ச்சல் தொடரும் என்றும் சொல்லிவிட்டார். தொடரட்டும். அது அவர்களுடைய ராஜா.

ஆனால் யோசித்துப் பாருங்கள்... பிள்ளைகளுக்கு நாம் அடித்துச் சொல்கிற விஷயங்களில் எத்தனையை நாம் விசாரித்திருப்போம்? சொன்னவர் நல்ல மனுஷர் என்பதற்காக வாங்கி, நம்முடைய குரலைப் பூசி, அப்படியே கைமாற்றிவிடுகிறோம். நான் இனியும் படிப்பிக்கத்தான் போகிறேன் – அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகாது. முதலில் ஒருதரம் வாசித்துவிட்டுப் படிப்பிப்பேன்.

அன்று பகல் சாப்பாட்டில், குழம்பைக் கிளறிக்கொண்டே ஆதிரை கேட்டாள்: "கறிவேப்பிலை சாப்பிட்டால் முடி முழங்கால் வரைக்கும் வளரும் எண்டு சொன்னனீங்கள்... அது ஆர் அம்மா உங்களுக்குச் சொன்னது?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு வாரமாக விசாரிக்கிறேன். அதுவரை அவள் கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறாள்.