மாமா கேட்ட மாலை

என் தாய்மாமா தாடி வைத்திருந்தார். நான் சின்னவளாக இருந்தபோது ஆவடியில் தாடி வைத்த ஆண்கள் இரண்டே வகைதான். ஒன்று மலைக்கு மாலை போட்டவர்கள், இல்லாவிட்டால் காதலில் தோற்றவர்கள். மாமா எந்த மலைக்கும் போனதில்லை. அதனால் நாங்களே அவரை இரண்டாவது வகையில் சேர்த்துவிட்டோம். "அந்தப் பொண்ணு எந்த ஊரு மாமா?" என்று கேட்டால், "நசரத்பேட்டதான். பஸ்ஸு ஏறிப் போய்ட்டா" என்று சிரிக்காமல் சொல்வார். முகத்தில் பிளேடு படுவதற்குப் பயந்தும் ஒரு மனிதன் தாடி வளர்ப்பான் என்பது எட்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

ரயில் நிலையத்துக்கு வெளியே வண்டி நிறுத்தும் ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பது அவர் வேலை. உட்கார்ந்தே செய்கிற வேலை. இடது முட்டி அவருக்கு முழுதாக நீளாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வரும்போது சில நாள் கையில் ஜூஸ் கடையில் வாங்கிய ஐஸ் பை இருக்கும். வந்து உட்கார்ந்ததும் அதை முட்டிமேல் வைத்துக்கொள்வார். நான் பைக்குள் கைவிட்டு ஐஸ் துண்டுகளைத் திருடித் தின்பேன். "இன்னா மச்சான், மறுபடியும் உய்ந்துட்டியா?" என்பார் அப்பா. "ஆமா மாமா, படி தட்டிச்சு" என்பார் மாமா. ஊரில் உள்ள படியெல்லாம் இவர் காலையே தேடித் தட்டுகிறதே என்று அப்பாவுக்குத் தோன்றவே இல்லை. அவர் நல்ல மனிதர், தொழிற்சாலையில் டாங்கிகளுக்குப் பற்றவைப்பு வேலை செய்தவர், சொன்னதை நம்புவார்.

அப்போது தெரியாத விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ரத்தம் என்றால் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, அவை மிதக்கிற பிளாஸ்மா என்று பின்னாளில் நானும் படம் வரைந்து மதிப்பெண் வாங்கினேன். எங்காவது ஓட்டை விழுந்தால் தட்டணுக்கள் ஓடிப்போய் அடைக்கும். ஆனால் அந்த அடைப்பு கெட்டிப்பட பிளாஸ்மாவில் இருக்கிற உறைவுக் காரணிகள் ஒன்றையொன்று எழுப்பிவிட்டு வேலை செய்ய வேண்டும். அம்மா வீட்டு ஆண்களில் சிலருக்கு அதில் எட்டாவது காரணி இல்லை. ஹீமோபிலியா. ரத்தம் பீறிட்டெல்லாம் அடிக்காது. நிற்காது, அவ்வளவுதான். மாமாவுக்கு விழாமலே முட்டிக்குள் கசிந்தது. அம்மாவின் தாய்மாமா ஒருவர் பல் பிடுங்கப் போய்த் திரும்பி வரவில்லை. நோவது ஆண்கள், கொண்டுவருவது பெண்கள். அம்மாவைக் கட்டிக்கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் யாரும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் நான் பிறந்திருக்க மாட்டேன்.

தம்பி பிறந்து தவழ ஆரம்பித்ததும் அவன் கால்களில் நீலம் நீலமாகக் கன்றிப்போயிற்று. தூக்கினால் அக்குளில் விரல் பட்ட இடம் கறுத்தது. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, உடம்புச் சூடு என்று சொல்லி விளக்கெண்ணெய் தடவச் சொன்னாள். அம்மா சரி சரியென்று தடவினாள். கொளுத்துகிற வெயிலிலும் குழந்தைக்கு முழுக்கால் சட்டை மாட்டினாள்.

ஒரு வயது முடிவதற்குள் மொட்டையடித்துக் காது குத்திவிட வேண்டும் என்று அத்தை நாள் குறித்தாள். அந்த வாரம் மாமாவும் அம்மாவும் சமையலறையில் கிசுகிசுத்ததை நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"சொல்லிடுக்கா. மாமா நல்ல மன்சன்."

"நல்லவர்தான்டா. அவங்க அக்கா இருக்காளே. சொன்னா அன்னிக்கே என்னிய அம்மா ஊட்டுக்கு அனுப்பிடுவா. நம்ம புள்ளைக்கு ஒண்ணும் இருக்காதுடா."

நசரத்பேட்டைப் பெண் திரும்பி வந்துவிட்டாள், மாமா கல்யாணத்துக்குக் கெஞ்சுகிறார் என்று நானே ஒரு கதை கட்டி மகிழ்ந்துபோனேன்.

ஆவணியில் ஒரு காலை திருவேற்காட்டுக் கோயிலுக்கு வேன் பிடித்துப் போனோம். தாய்மாமன் மடியில் உட்கார்த்திவைத்துத்தான் மொட்டையும் காதுகுத்தும் செய்ய வேண்டும். இது எங்களில் மாற்ற முடியாத வழக்கம். இந்தக் குழந்தைக்குக் காது குத்தவே கூடாது என்று யார் எச்சரித்திருக்க வேண்டுமோ, அவருடைய மடி. முதலில் மொட்டை. மாமா இரண்டு கையாலும் தம்பியின் தலையைப் பிடித்துக்கொண்டார். கத்தி ஓடி முடிக்கும்வரை அவர் மூச்சு விட்டாரா என்பது சந்தேகம். ஒரு கீறல் இல்லை. "மாமன் புடின்னா இதான் புடி" என்று மொட்டை போட்டவர் பாராட்டினார். மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பிறகு ஆசாரி வந்து உட்கார்ந்து, காது மடலில் சந்தனப் பொட்டு வைத்து, கம்பியை எடுத்தார். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

மாமா சட்டென்று எழுந்துவிட்டார். "இன்னாபா இது? மாமன் நான் இங்க கீறேன், மாலை எவன் கழுத்துலயோ கீது?"

உண்மைதான். பூக்காரர் முதலில் கொண்டுவந்த மாலையை அத்தை தன் வீட்டுக்காரர் கழுத்தில் போட்டிருந்தாள். மாமாவுக்கான மாலை வந்துகொண்டிருந்தது.

"மச்சான், தோ வந்துகினே கீது. நீ குந்து" என்று அப்பா தோளைத் தொட்டார். மாலையும் வந்தது. அப்பாவே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். மாமா அதைப் பிடுங்கித் தரையில் வீசினார்.

"கேட்டு வாங்குற மாலை எனுக்கு எதுக்கு? மரியாத இல்லாத எடத்துல என் மடியும் கெடையாது."

குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தான் வாங்கிவந்த தங்கக் கடுக்கனையும் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு நொண்டி நொண்டி வெளியேறினார். மாமன் கோபித்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. ஒரு மாமனாவது முறுக்கிக்கொண்டு போகாமல் எந்த விசேஷமும் முடிந்ததாக நினைவில்லை. அதனால்தான் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அத்தை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அம்மா தம்பியை இறுக்கிக்கொண்டு நின்றாள். கூடப் பிறந்தவன் இப்படிப் போகிறானே, இவளுக்குக் கொஞ்சமாவது அழுகை வருகிறதா பார் என்று எனக்கு அவள்மேல் கோபம்.

அவரைக் கூட்டிவர நான்தான் ஓடினேன். செருப்பு விடுகிற இடத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வராட்டி உங்கூடக் காய்" என்றேன். அவர் என் கம்மலைத் தொட்டுப் பார்த்தார்.

"உனுக்குக் காது குத்துனப்பயும் என் மடிலதான் குந்திகினு இருந்த பாப்பா. ஒரே ஒரு சொட்டு ரத்தம். தொடைக்கறதுக்குள்ள நின்னுட்ச்சு."

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒரு மாலைக்காக இவ்வளவு பெரிய ஆள் தெருவில் உட்கார்ந்து அழுகிறாரே என்று எனக்கு மானம் போயிற்று. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

அதோடு மாமா வரவு நின்றது. வாசலை மிதிக்கக் கூடாது என்று அப்பா சொன்னார், அம்மா தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐஸ் இல்லை. அடுத்த சில மாதம் அம்மா ஏதேதோ சொல்லிக் காதுகுத்தைத் தள்ளிப்போட்டாள். தம்பிக்குச் சளி, அவளுக்குப் பல்வலி, நாள் சரியில்லை. அவள் வாயில் எல்லாக் காரணமும் வந்தது, உண்மை மட்டும் வரவில்லை.

தை பிறந்ததும் அத்தை பொறுமை இழந்தாள். அம்மாவின் சித்தப்பா மகனை மாமன் முறைக்கு உட்காரவைத்து, ஆவடியிலேயே ஒரு நகைக்கடையில் குத்திவிட்டார்கள். அந்த மாமாவுக்கு முதல் மாலை. எல்லாம் முறைப்படி.

ஒரு பொட்டு ரத்தம்தான் வந்தது. துடைத்தார்கள். மறுபடி வந்தது. வீட்டுக்கு வந்ததும் அத்தை காபித்தூளை அப்பினாள். காபித்தூள் நனைந்து கீழே விழுந்தது. மஞ்சள் வைத்தாள். மஞ்சளும் சிவந்தது. தம்பி முதலில் அழுதான், பிறகு அழுகையை விட்டுவிட்டு அம்மா தோளில் துவண்டு கிடந்தான். தோள் பக்கம் அவள் புடவை கனத்துப்போயிருந்தது. மறுநாள் விடிந்தும் இரண்டு காதும் சொட்டிக்கொண்டுதான் இருந்தன. உதடு வெளுத்துவிட்டது. அப்பா துண்டில் சுற்றி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றார் அப்பா. அப்போதுதான் அம்மா சொன்னாள்: "என் தம்பிக்கு."

அப்பா அவளைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த துண்டைப் பார்த்தார். மாலை ஏன் தரையில் விழுந்தது என்று அந்த நேரத்தில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அன்று மாலையே ஸ்டாண்டுக்குப் போய் மாமாவைக் கூட்டிவந்தார். "நீயாவது சொல்லிருக்கலாமேடா" என்றார். "அக்கா வாழணும்ல மாமா" என்றார் மாமா.

தம்பி அன்றைக்குப் பிழைத்தான். அம்மா பயந்ததுபோல அப்பா அவளை அனுப்பிவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசியதும் இல்லை. "உங்கம்மாகிட்ட சோறு போடச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார், அம்மா பக்கத்திலேயே நிற்பாள். அக்கா வாழ வேண்டும் என்று மாமா நினைத்த வாழ்க்கை இதுதான். அதையும் அவர் அதிக நாள் பார்க்கவில்லை. அடுத்த வருடம் ஷேர் வேனிலிருந்து இறங்கும்போது தலை கம்பியில் இடித்தது. வெளியே காயமே இல்லை. உள்ளே கசிந்து போய்ச் சேர்ந்தார்.

தம்பி இப்போது தாடி வைத்திருக்கிறான். அவனுக்கும் ஒரு முட்டி நீளாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலேறிப் போய் அந்த எட்டாவது காரணியை ஊசியாகப் போட்டுக்கொண்டு வருகிறான். கிடைக்காத நாட்களில் ஐஸ் பைதான்.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது நானாகவே போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். எனக்கும் வந்திருக்கிறது. நான் வலியில்லாமல், வீக்கமில்லாமல் சும்மா சுமந்துகொண்டிருப்பேன். பையன் பிறந்தால் அவனுக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே ஒரு நாள் யாராவது அவனைத் தூக்கிப்போய் என் தம்பி மடியில் உட்காரவைப்பார்கள். விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "மாப்ள ஊட்ல சொல்லிடாதடி" என்றாள்.

அன்று செருப்புகளுக்கு நடுவே மாமா அழுதது மாலைக்காகத்தான் என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன். தம்பிக்காக அழுதார் என்று பிறகு சமாதானம் செய்துகொண்டேன். என் காதைத் தொட்டுக்கொண்டு ஏன் அழுதார் என்று இப்போதுதான் தெரிகிறது. நின்றுபோன அந்த ஒரு சொட்டுக்குள்ளும் அது இருக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நானோ அதற்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில் தோழிகளுக்கெல்லாம் என் கம்மலைக் காட்டி, எனக்குக் காது குத்தியபோது ஒரே ஒரு சொட்டு ரத்தம்தான் வந்ததாம், எங்கள் மாமாவே சொன்னார் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.