எனக்கு மட்டும் கிடைக்காத திட்டு

இங்கே ஜெர்மனியில், டோர்ட்முண்ட் நகரத்து ட்ராமில் ஒருநாள் காலை, பக்கத்து இருக்கைப் பையன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தான். உதடு துடிக்கிறது, தலை ஆடுகிறது. நர்ஸ் புத்தி சும்மா இருக்குமா? ஜுர வேகத்தில் பிதற்றுகிறான் என்று நினைத்து, “அல்லஸ் கூட்?” என்று கேட்டுவிட்டேன். எல்லாம் சரிதானே என்று அர்த்தம். காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கி, “டெக்ஸ்ட்!” என்றான் எரிச்சலோடு. ராப் பாட்டின் வரிகளை மனப்பாடம் செய்கிறானாம். எதிரே இருந்தவர்கள் அவனை விட்டுவிட்டு என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

வார்டில் என்னோடு வேலை செய்யும் அய்லினிடம் இதைச் சொன்னேன். அவளுடைய பெற்றோர் துருக்கியிலிருந்து வந்தவர்கள், அவள் இங்கேயே பிறந்தவள். விழுந்து விழுந்து சிரித்தாள். “என் தம்பியும் இதே கேஸ்தான். ராப் பாடி நாட்டைக் கிழிகிழி என்று கிழிக்கிறான்” என்றாள். “துருக்கியையா?” என்று கேட்டேன். “துருக்கியை அவன் எதற்குத் திட்டப்போகிறான்? இந்த நாட்டைத்தான்” என்றாள். பெயரைக் கேட்டதுமே வீடு காலியில்லை என்று சொல்லும் வீட்டுக்காரர்களைப் பற்றி எழுதியிருக்கிறானாம், அதற்குக் கூட்டம் கூடுகிறதாம். எனக்கும் அப்படித்தான் வீடு இல்லை என்றார்கள். நான் ஒவ்வொரு வாசலிலும் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். அந்தத் தம்பிமேல் எனக்குப் பொறாமை வந்தது. உரிமையோடு திட்டுவதற்கு அவனுக்கென்று ஒரு நாடு இருக்கிறது, பாருங்கள்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் தெருக்களில் பிறந்த இந்தப் பாட்டு, போகிற ஊரில் எல்லாம் அங்கே யாருக்கு வயிறு எரிகிறதோ அவர்கள் வாயில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆவடிப் பக்கம் முத்தாபுதுப்பேட்டையில் அது என் வாயிலும் ஸ்டெல்லா வாயிலும் உட்கார்ந்தது. நாங்கள் இருவரும் சர்ச் பாடகர் குழு. ஞாயிறு மாலை பூசை முடிந்ததும் பின்னால் இருக்கிற மைதானத்தில் நாலைந்து பேர் வட்டமாக நின்று, ஒருவரை ஒருவர் பாட்டிலேயே திட்டிக்கொள்வோம். எங்கள் வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். திட்டு வாங்கியவர் அன்றைக்கே பதில் சொல்லக்கூடாது. ஒரு வாரம் ஊறவைத்து, அடுத்த ஞாயிறு வந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் வேலைக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வேறெங்கோ நடத்தும் ராப் போட்டிகளில் அங்கேயே உடனே பதில் சொல்வார்களாம். எங்களுக்கு அது பிடிக்கவில்லை. வாரம் முழுக்க பஸ்ஸிலும் கடையிலும் நின்று, வரி தேடித்தேடி நாங்களே சிரித்துக்கொள்வோம். அதிலே இருந்த ருசியே தனி.

இந்தத் தடவை லீவில் போனபோது வட்டம் பெருத்திருந்தது. பாரிவாக்கத்திலிருந்தும் முகப்பேர் ஃபிளாட்டுகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். நடுவில் ஸ்டெல்லா. பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, ஞாயிறு மாலை ராணி. “ஏரிய தூத்து பிளாட்டு போட்டு லேக் வியூன்னு வித்தாச்சு, மழ பேஞ்சா லேக்கே வந்து ஹாலுக்குள்ள குந்தியாச்சு!” என்று அவள் எடுத்ததுமே, அப்படி ஃபிளாட் வாங்கியவர்கள்கூட விசிலடித்தார்கள். அடுத்து தினேஷ் என்ற பையனுக்குப் பதில். முந்தின வாரம் அவன், இவள் ஸ்கூட்டி ஓட்டுகிற லட்சணத்தைக் கிண்டலடித்திருக்கிறான். “கால ஊனி ஓட்டுனாலும் என் வண்டிக்கு நான் ஓனரு, உன் பைக்குக்கு பெட்ரோல் ஊத்த உங்கம்மாதான் டோனரு!” தினேஷ் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஸ்டெல்லாவைப் பார்த்து மட்டுமல்ல, திட்டு வாங்கிய அந்தப் பையனைப் பார்த்தும்.

“மெர்சி வந்துகீது, மெர்சி!” என்று யாரோ கத்த, எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அத்தனை பேரும் நிற்க, நான் மட்டும் உட்கார வேண்டுமாம். உட்காராமல் வட்டத்துக்குள் போய் நின்றேன். நாக்கை இப்படி அப்படித் தீட்டிக்கொண்டு, “ஆரம்பிடி” என்றேன். ஜெர்மனி, சம்பளம், குண்டாகிப்போன என் கன்னம், என்னவெல்லாம் வரப்போகிறதோ என்று உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஸ்டெல்லா மைக்கைப் பிடித்தாள்.

“கடல தாண்டிப் போன பொண்ணு, காலனியோட ரெண்டு கண்ணு, ஊசி போட்டா வலிக்காது, உன் மனசு போல கெடைக்காது!”

கல்யாண மண்டபத்து வாழ்த்துமடல் கெட்டது போங்கள். எல்லோரும் மரியாதையாகக் கைதட்டினார்கள். தினேஷ், “சூப்பர் சிஸ்டர்!” என்றான். அந்தக் கைதட்டலைப் போல ஒரு அவமானம் என் வாழ்க்கையில் நடந்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் அவளை மடக்கினேன். “இன்னாடி அது? எல்லாரையும் கிழிக்கிற, என்ன மட்டும் இன்னாத்துக்கு தாலாட்டுற?”

“வுட்றி மெர்சி.”

“வுட மாட்டேன். நான் இன்னா உனக்கு விருந்தாளியா?”

அவள் வாட்டர் பாட்டிலை மூடிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். “உன்ன திட்டுனா அடுத்த ஞாயித்துக்கெழம நீ எங்க கீற? ஃபிளைட்ல. நான் யாரு மூஞ்சப் பாத்து திருப்பி வாங்குறது?”

“போன்ல அனுப்புறேன்டி.”

“போன்ல வந்தா அது ரீசார்ஜுடி, திட்டு இல்ல.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் இன்னும் எரிந்தது. எங்கள் சட்டம், நானும் சேர்ந்து போட்ட சட்டம். அடுத்த ஞாயிறு இருப்பவர்களுக்குத்தான் இந்த வாரத்துத் திட்டு.

அந்த அடுத்த ஞாயிறு எனக்கு இங்கே பகல் டியூட்டி. ஆவடியில் இந்நேரம் பூசை முடிந்து வட்டம் கூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஒரு வயதான நோயாளிக்கு சூப் கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்துவிட்டுப் பிடித்துக்கொண்டார் அந்த அம்மாள். சூப் ஆறிவிட்டதாம், நாங்களெல்லாம் மெத்தனமாம், எங்கிருந்துதான் வருகிறோமோவாம். நல்ல காரமான திட்டு. திருப்பிக் கொடுக்க என் ஜெர்மன் போதாது. “என்ட்ஷுல்டிகுங்” என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தலையணையைச் சரிசெய்தேன். ஒரு வாரமாக ஊறிக்கிடந்த வாய், அதுவாகத் திறந்துகொண்டது. முகத்தில் புன்னகை மாறாமல் மெதுவாகச் சொன்னேன்:

“சூப்பு ஆறுனா இன்னா பாட்டி, வாயி கொதிச்சினு கீது, அதுலயே ஊத்தி சுட வெச்சிக்கோ, கேஸு மிச்சம் ஆவுது!”

சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து வந்த நல்ல வரி அதுதான். ஸ்டெல்லா கேட்டிருந்தால் தரையில் உட்கார்ந்திருப்பாள். அந்த அம்மாள் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு அழகாக இருக்கிறது, உங்கள் ஊர் ஜெபமா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

அடுத்த ஞாயிறும் வந்து சொல்லச் சொன்னார்.