மாலை போட்ட ரேடியேட்டர்

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காரலாம். முதல் தோசை அவருக்கு, மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலியும் அவருக்கு. அப்பா மத்திய அரசு வேலைக்காக டெல்லி வந்தவர். திருநெல்வேலியில் எதை எதையோ விட்டுவிட்டு வந்தாலும் மாப்பிள்ளை மரியாதையை மட்டும் மறக்காமல் ரயிலேற்றிக்கொண்டு வந்து ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இறக்கிவிட்டார். அந்த மாப்பிள்ளை என் கணவர். குர்காவ்ன் ஃப்ளாட்டில் நான் அவரை ‘நீ, வா, போ’ என்பேன். அப்பா வீட்டுப் படியேறினால் என் நாக்கு தானாகவே ‘நீங்க’ என்று திரும்பிவிடும். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

குவாட் பைக் என்னுடையது. என் சம்பளத்தில், பழையதாக வாங்கினேன். தடிமனான நான்கு சக்கரம், பைக் மாதிரி கைப்பிடி, சாலையில் ஓட்ட அனுமதி கிடையாது. குர்காவ்னைத் தாண்டி ஒரு பண்ணை நிலத்தில் மழைக்கால ஞாயிறுகளில் சிலர் கூடிச் சேற்றில் ஓட்டுவார்கள். அங்கே டெம்போவில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். நான் மெக்கானிக்கல் படித்தவள், கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஃப்ளாட்டில் இடமில்லாததால் வண்டி அப்பாவின் குவார்ட்டர்ஸ் ஷெட்டில் நின்றது.

போன வருஷம் முழுக்க அது கொதித்தே என் உயிரை எடுத்தது. எஞ்சின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர் முன்பக்கம், பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இருந்தது. ஒரு குழியில் இறங்கி ஏறுவதற்குள் அதன் மெல்லிய தகடுகளுக்கு நடுவே களிமண் அப்பிக்கொள்ளும். காற்று போக வழியில்லாமல் சிவப்பு விளக்கு எரியும். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு மற்றவர்கள் ஓட்டுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இந்த மழை வருவதற்கு முன் அதைக் கழற்றி, கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் சாமான் கம்பிகளின் மேல் உயரமாக ஏற்றிவிட முடிவு செய்தேன். மாயாபுரியில் ஒரு வெல்டிங் கடையில் பக்கத்திலேயே நின்று அதற்கு ஒரு இரும்புத் தாங்கி செய்து வாங்கினேன். நீளமான ரப்பர் குழாய்களைக் காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளில் தேடிப் பிடித்தேன். குழாய் எங்கும் மடங்கக் கூடாது, ஃபேனுக்குப் போகும் ஒயரை நீட்ட வேண்டும், மூடி எல்லாவற்றையும்விட மேலே நிற்க வேண்டும். உள்ளே காற்று சிக்கினால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் எஞ்சின் சுடும். முன்சக்கரங்களைச் செங்கல் மேல் ஏற்றி, மூடியைத் திறந்து வைத்து, குமிழி அடங்கும்வரை ஓடவிட்டேன். அந்த வேலை நடந்த சனி ஞாயிறுகளில் மாப்பிள்ளை மாடியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை கீழே வந்து, “அட, இது பார்க்க ஒரு மாதிரி இருக்கே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டியில் ஏதோ பெரிய மாற்றம் என்பது வரைக்கும் அம்மாவுக்குப் புரிந்தது. புரிந்ததும் பூஜை போட்டே ஆக வேண்டும் என்றாள். மழை தொடங்கிய முதல் ஞாயிறன்று எல்லோருமாகக் கிளம்பிய டெம்போ, மலை மந்திர் முருகன் கோயில் அடிவாரம் வழியாகப் போனது. அர்ச்சனை முடிந்து வந்ததும் அம்மா சந்தனத்தைக் குழைத்து, கண்ணுக்கு முதலில் பட்ட உயரமான இடத்தில், அதாவது ரேடியேட்டரின் நெற்றியில், பட்டையாக அப்பினாள். அப்பா அதன் மேல் முழங்கை கனத்துக்கு ஒரு சாமந்தி மாலையைச் சுற்றிக் கட்டினார்.

“அம்மா, காத்து போறதே அது வழியாத்தான். கழட்டிடறேன்” என்றேன்.

“சாமி மாலையில கை வைக்காத. அது தானா வாடி விழணும்” என்றாள் அம்மா.

பண்ணையில் இறக்கியதும் சாவிக்குக் கையை நீட்டினேன். அப்பா அதை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். “மொத ரவுண்டு நீங்க போங்க மாப்ளை. அதான் முறை.”

மாப்பிள்ளை மறுப்பதற்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். பக்கத்து வண்டிக்காரர்கள் உயர்ந்து நின்ற ரேடியேட்டரைப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார்கள். “மைனே கியா” என்றார், சிரித்தபடி. நான்தான் செய்தேன் என்று.

இரண்டாவது குழியிலேயே நின்றுவிட்டார். வண்டியிலிருந்து ஆவி வந்தது. பின்னே வராமல் என்ன செய்யும்? சக்கரம் வாரியடித்த சேறு மாலையில் ஊறி, பூவும் மண்ணும் சேர்ந்து பூச்சுவேலை மாதிரி இறுகியிருந்தது.

“உன் வெல்டிங்ல ஏதோ தப்பு பண்ணிருக்க” என்றார் மாப்பிள்ளை, குழிக்கு நடுவில் நின்றுகொண்டு. கரையிலிருந்து அப்பாவும், “நல்லா இருந்ததப் பிரிச்சு மேஞ்சா இப்படித்தான்” என்றார்.

தண்ணீர்க் கேனோடு முழங்கால் சேற்றில் இறங்கினேன். மாலையை அறுத்து எறிந்தேன். அம்மா மேலிருந்து “ஐயோ” என்றாள். சூடு தணியும்வரை காத்திருந்து, தகடுகளைக் கழுவி, மூடியைத் திறந்து, குறைந்ததை ஊற்றி நிரப்பினேன். எஞ்சின் ஒரே தட்டில் உயிர் பெற்றது. சிவப்பு விளக்கு எரியவில்லை. நான் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன்.

“ஏட்டி, எறங்கு. மாப்ளை சேத்துல நிக்காவல்லா” என்றார் அப்பா.

நான் இறங்கவில்லை. அந்தக் குழியையும் அடுத்த குழியையும் கடந்து, எருமை முங்கும் அளவுக்குத் தண்ணீர் நின்ற கடைசிப் பள்ளத்தையும் தாண்டி முழுச் சுற்று ஓட்டினேன். ஃபேன் தள்ளிய வெந்த காற்று முகத்தில் அடித்தது. விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகுநாள் ஆகியிருந்தது. திரும்பி வந்தபோது மாப்பிள்ளை நடந்தே கரையேறி, பேண்ட் முழுக்கச் சேறாக நின்றிருந்தார். அம்மா தன் துப்பட்டாவால் அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வண்டியை டெம்போவில் ஏற்றித் திரும்பினோம். வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா தட்டைத் தொடாமல், “மாப்ளைகிட்ட மன்னிப்பு கேளு” என்றார்.

“எதுக்கு?”

“எதுக்குன்னு வேற கேக்கியா? அவிய நடந்து வர, நீ வண்டியில சுத்துனியே, அதுக்கு.”

என் வண்டி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாப்பிள்ளை ரசத்தைச் சாதத்தில் பிசைந்தபடி சிரித்தார்.

“விடுங்க மாமா. அவ ஏதோ தெரியாம பண்ணிட்டா” என்றார், அப்பாவிடம்.