கட்டிலில் படுத்திருந்த சிறுத்தை

என் மனைவி ஒட்டுசுட்டான் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவள். பிள்ளைகளுக்குப் பென்சிலும் நீர்வர்ணமுமாகவே காலம் போய்விட்டது. போன வருடம் அவளுடைய தம்பி கனடாவிலிருந்து எண்ணெய் வர்ணக் குழாய்களை அனுப்பி வைத்தான். அதோடு எங்கள் வீட்டுக்குள் காடு புகுந்துவிட்டது.

விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் கீறிய முதல் பெரிய படத்தில் இருந்தது எங்கள் வீடேதான். குசினியில் ஒரு கரடி தேங்காய் துருவிக்கொண்டிருந்தது. முற்றத்தில் நின்ற பஸ்ஸின் யன்னல் ஓரத்தில் ஒரு யானை, போகிற அவசரத்தோடு அமர்ந்திருந்தது. மயிலின் தோகை நிறைய மனிதக் கண்கள். உள் அறையில், எங்களுடைய கட்டிலில், கோரைப்பல் தெரிய ஒரு சிறுத்தை விழித்தபடி படுத்திருந்தது. கனவில் நடக்கிறமாதிரிக் கீறுவதற்குச் சர்ரியலிசம் என்று பெயராம்.

கரடியையும் யானையையும் பார்த்துச் சிரித்தேன். சிறுத்தையைக் கண்டதும் எழும்பிப் போய் வாசல் கதவைச் சாத்தினேன். மஞ்சள் தோலும் பிளந்த வாயுமாக ஒரு மிருகத்தைக் கண்டால் இங்கே சனத்துக்கு என்ன ஞாபகம் வரும்? யுத்தம் முடிந்த கையோடு, புலிப் படம் ஒன்று இருந்தது என்பதற்காகப் பழைய கலண்டரையே அடுப்பில் வைத்தவன் நான்.

“இது வேணுமே?” என்று கேட்டேன்.

“இது சிறுத்தையப்பா. புள்ளி தெரியேல்லையே உங்களுக்கு?”

“எனக்குத் தெரியுது. பாக்க வாறவங்களுக்குத் தெரிய வேணுமே? பிறகு பொலிஸ் அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிச்சா ஆர் பதில் சொல்லுறது?”

“சும்மா இருங்கோ,” என்றாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவள் அதைச் சொல்லவில்லை, பார்வையில் இருந்தது.

கிளிநொச்சியில் கண்காட்சி. மண்டபத்தை ஒழுங்குபடுத்த அவள் முதல் நாளே போய், முரசுமோட்டையில் ஒரு சிநேகிதி வீட்டில் தங்கினாள். படத்தைப் படுக்கை விரிப்பால் பக்குவமாகச் சுற்றி அயல்வீட்டு வான் வண்டியில் கொண்டு வரச்சொல்லி என்னிடம் விட்டுப் போனாள். சுற்றச் சொன்னால் சுற்ற வேண்டியதுதானே? நான் தூரிகையை எடுத்தேன். புள்ளி ஏற்கெனவே இருக்கிறது, கொம்பு வைத்தால் புள்ளிமான் என்று கெட்டித்தனம் வேறு! பல்லை மூடினேன், மஞ்சளுக்கு மேல் மண்ணிறம் பூசினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதைதான், மானுமில்லை, ஆடுமில்லை. ஆனாலும் அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டேன். இப்போது நினைத்தால் அந்த நித்திரைதான் கூடுதலாகக் கூசுகிறது.

எண்ணெய் வர்ணம் காய நாள் எடுக்கும் என்பது எனக்கு எங்கே தெரியும்? மண்டபத்தில் எல்லோரும் பார்த்திருக்க அவள் படுக்கை விரிப்பை அவிழ்த்தபோது, மானின் மூக்கு விரிப்போடு வந்துவிட்டது. அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். விரிப்பை மடித்து என் கையில் தந்துவிட்டுப் படத்தைச் சுவரில் மாட்டினாள்.

பக்கத்துச் சுவரில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கீறிய சிறுத்தை, வாயை ஆவென்று பிளந்துகொண்டு தொங்கியது. நான் யாரை நினைத்து நடுங்கினேனோ அந்தப் பொலிஸ் அதிகாரிதான் பிரதம விருந்தினர். அவர் அந்தச் சிறுத்தைக்குப் பக்கத்தில் நின்று சிரித்தபடி ஃபோட்டோ எடுத்தார். எனக்குக் காது மடல் சுட்டது.

அடுத்து எங்கள் படத்துக்கு வந்து, ஒவ்வொன்றுக்கும் கருத்துக் கேட்டார்.

“யானை போற பாதையிலதான் எங்கட பஸ் போகுது, சேர். ஒரு நாளைக்கு அதுவும் எங்களோட ஏறி வரட்டும் எண்டு விட்டனான்,” என்றாள். மயிலின் கண்கள் ஊரின் கண்கள் என்றாள். கரடி தானேதான் என்றாள். எல்லோரும் ரசித்தார்கள்.

“கட்டிலில இருக்கிற மான்?”

“அது என்ர மனுசன்.”

மண்டபமே சிரித்தது. நானும் ஈயென்று இளித்தேன். வேறென்ன செய்வது?

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் யன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குத் தாங்க முடியவில்லை. சண்டையாவது பிடிக்கலாமே!

“நான் செய்தது பிழைதான்,” என்றேன். “பயத்தில செய்திட்டன். அந்தச் சிறுத்தைக்கு என்ன கருத்து வைச்சிருந்தனீர்?”

“அதுவும் நீங்கள்தான்.”

எனக்கு விளங்கவில்லை. அவள் மடியில் கிடந்த பையின் வாரைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“யுத்தம் முடிஞ்சு திரும்பி ஊருக்கு வந்த புதுசில, நாங்கள் இருந்த தறப்பாள் கொட்டிலுக்குக் கிட்ட யானை வந்து நிண்டது. என்னை உள்ளுக்கு விட்டிட்டு, நீங்கள் தனிய வெளியில நெருப்புக் கொள்ளியோட விடியுமட்டும் நிண்டீங்கள். அந்த மனுசனை மறந்து போகப்போறன் எண்டுதான் கீறி வைச்சனான். நீங்களே அழிச்சுப் போட்டீங்கள்.”