பெருமாள் ஒருமுறைதான் வந்தார்

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையின் டெலிவரி கவுண்டரில் வேலை பார்த்தேன். மாடியில் பில் போடுவார்கள். கீழே நான் பார்சலைக் கொடுத்துவிட்டு கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டுவேன். பில் விழுந்த ஐந்து நிமிடத்துக்குள் பார்சல் போக வேண்டும் என்று, இரண்டையும் நேரத்தை வைத்து ஜோடி சேர்க்கும் புரோகிராம் புதிதாக வந்திருந்தது. ஜோடி கிடைக்காத பார்சல், பில் இல்லாமல் போனதாக முதலாளியின் திரையில் சிவப்பாகத் தெரியும்.

வைகாசி கருட சேவை அன்று கடையில் நிற்க இடமில்லை. பெருமாள் ஊர்வலமாக எங்கள் வாசலுக்கு வந்தால் பில்லும் கிடையாது, பார்சலும் கிடையாது. முதலாளி முதல் பெருக்குகிறவர் வரை வெளியே கைகூப்பி நிற்போம். அன்றும் நின்றோம். பெருமாள் நகர்ந்ததும் வேலையைப் பார்க்கப் போனோம்.

மதியம் முதலாளி கூப்பிட்டார். திரையில் மூன்று பார்சல்கள் சிவப்பாக இருந்தன. மாடியில் ஒரு பில்கூட விழாத நேரத்தில், அதாவது பெருமாள் வாசலில் நின்றபோது, அவை வெளியே போயிருந்தன.

"எல்லாரும் சாமி கும்பிட்டுக்கினு இருந்தப்போ நீ உள்ள இன்னாம்மா பண்ணிக்கினு இருந்த?"

"நானும் வெளியதான் இருந்தேன், மொதலாளி."

"யாரு பார்த்தாங்க?"

கூட வேலை செய்தவர்கள் பெருமாளை விட்டுவிட்டு என்னையா பார்த்துக்கொண்டிருப்பார்கள்? எங்கள் ஊரில் ஒரு கடையில் திருடி என்று பெயர் வாங்கினால் அடுத்த கடைப் படி ஏற முடியாது.

புரோகிராம் எழுதிய பெண்ணை சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வரவழைத்தார்கள். அவளை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். அவளோ சிவப்பை விட்டுவிட்டு, மாடியில் பில் விழாமல் நின்றிருந்த நேரத்தையும் கீழே பார்சல் போகாமல் நின்றிருந்த நேரத்தையும் ஒப்பிட்டாள். கீழே பத்து நிமிடம் தள்ளி நின்றிருந்தது.

"பெருமாள் ஒரு தடவதானே எழுந்தருளினார், சார்? மாடியில ஒரு நேரம், கீழ ஒரு நேரம்னா எப்படி?"

சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. ராகுகாலத்துக்கு முன் கடை திறந்துவிட வேண்டும் என்று முதலாளி பத்து நிமிடம் முன்னால் ஓடவிட்ட கடிகாரம் அது. காலையில் கரண்ட் போய் கீழ்க் கம்ப்யூட்டரின் நேரம் அழிந்தபோது, அதைப் பார்த்து அவரேதான் நேரம் வைத்தார். பெருமாள் வருவதற்குச் சற்று முன் நான் கொடுத்த பார்சல்கள், கணக்கில் அவர் வாசலில் நின்ற நேரத்துக்குப் போய்விட்டன. மற்ற பார்சல்கள் கூட்டத்தில் யார் யார் பில்லோடோ ஜோடி சேர்ந்ததால் கோளாறு தெரியவில்லை.

"என் புரோகிராம்லதான் தப்பு, சார். ரெண்டு கம்ப்யூட்டர்லயும் நேரம் ஒண்ணா ஓடுதான்னு நான் பார்த்திருக்கணும். இந்த அக்கா மேல ஒண்ணும் இல்ல" என்றாள்.

முதலாளி, "சரி, போய் கவுண்டரைப் பாரும்மா" என்றதோடு சரி. சந்தேகப்பட்டதற்கு ஒரு வருத்தம்கூடச் சொல்லாத அவர் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

கடிகாரத்தைக் குறை சொல்லியிருந்தால் அவர் வீம்புக்காவது என்னை வேலையை விட்டு அனுப்பியிருப்பார். தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அவள் என் பெயரைக் காப்பாற்றினாள் என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. இப்போது என்னிடமும் சிலர் வேலை செய்கிறார்கள். கணக்கு எங்காவது இடித்து, "நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் முகம் என்னைத் தடுத்துவிடுகிறது.