அம்மாவிடம் மிஞ்சிய சொல்

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அக்கரப்பத்தனையில் விடாத மழை. மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது: "சரிங்கய்யா."

நான் ஹட்டனில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பயம் ஏன் வருகிறது, கோபம் எப்படி அடங்குகிறது என்று மூளையைப் பற்றிப் பத்திரிகைக்கும் எழுதுகிறேன். யோசித்துப் பேசும் பேச்சு பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பக்கத்தில் உருவாகிறது. அங்கே அடி விழுந்தால் அது போய்விடும். ஆனால் பழகிப்போன பேச்சு, அதாவது சாமி பேர், ஒன்று இரண்டு மூன்று, கெட்ட வார்த்தை, இவை சிலருக்குத் தப்பிவிடும். எது தப்பும் என்பது நம் கையில் இல்லை. இதையெல்லாம் நானே எழுதியிருக்கிறேன். எழுதி என்ன பிரயோசனம்?

காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும்போது, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஏசும்போது, கொழுந்தில் தண்ணீர் என்று எடையைக் கழிக்கும்போது, வாழ்நாள் முழுக்க அம்மா சொன்னது இந்த ஒரு சொல்லைத்தான். மூளை அதைப் பத்திரமாக வைத்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு கெட்ட வார்த்தையாவது மிஞ்சியிருக்கக் கூடாதா? எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் ஒரு அத்தை இருக்கிறார். அவருக்கு இந்த நோய் வந்திருந்தால் தோட்டமே காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கும்.

தேத்தண்ணி வேண்டுமா என்றாலும் சரிங்கய்யா, வேண்டாமா என்றாலும் சரிங்கய்யா. தலையும் கூடவே ஆடும். ஆமாம், இல்லை இரண்டுக்கும் ஒரே ஆட்டம்.

அவளை இனி எங்கே வைத்துப் பார்ப்பது என்ற பேச்சு வந்தது. பகலில் லயத்தில் ஆளே இருக்காது, எல்லோரும் மலைக்குப் போய்விடுவார்கள். எனக்கு ஹட்டனில் மாடியில் ஒற்றை அறை. தம்பி கொழும்பில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான், அவன் மனைவி வீட்டோடு இருப்பவள். நல்லபடி இருந்த காலத்தில் அம்மா அங்கே ஒருமுறை போய், தங்க முடியாமல் உடனே திரும்பி வந்தாள். "செத்தாலும் இங்கயே சாவுறேன், அந்தப் பொட்டிக்குள்ள மட்டும் என்னையப் போட்றாதீங்க" என்று எங்கள் இருவரிடமும் சொன்னாள். அவள் வாயால் எதையாவது மறுத்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை காம்பரா வாசல் இஸ்தோப்பில் சொந்தக்காரர்கள் கூடினார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும் வந்தார். அவர் அம்மா பக்கம் குனிந்து கேட்டார்:

"ஏம்மா, மகன்கூட கொழும்புக்குப் போறீங்களா?"

"சரிங்கய்யா."

"பாத்தீங்களா, அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க."

அது சம்மதம் இல்லை, மூளையில் மிஞ்சியிருக்கும் பழக்கம் என்று விளக்கினேன். யாரும் கேட்பதாக இல்லை. வேறு வழியில்லாமல் நானே அவளிடம் கேட்டேன்: "அம்மா, கொழும்புக்குப் போகாம இங்கயே இருக்கியா?"

"சரிங்கய்யா."

தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாங்க புள்ள. மொத சொன்னதுதான் நெசம்." எல்லோரும் ஆமாம் என்றார்கள். எங்கள் ஆட்களுக்கு இந்தச் சொல்லைச் சம்மதமாக எடுத்துத்தான் பழக்கம்.

தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குக்கா. அப்ப நீ வச்சிப் பாக்குறியா?"

படித்தது, எழுதியது எதிலும் அதற்குப் பதில் இல்லை.

மறுநாள் காலையில் வேன் வந்தது. பெரட்டுக்குப் போகிற பெண்கள் நின்று பார்த்தார்கள். தம்பி அம்மாவைத் தூக்கிக்கொண்டு காம்பரா வாசலைத் தாண்டப் போனான், முடியவில்லை. அம்மாவின் இடது கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. இத்தனை வருஷம் கொழுந்து ஒடித்த கை, அது இலேசில் விடுமா?

"கையில நல்ல தெம்பு இருக்கே, சீக்கிரம் சொகமாயிரும்" என்று ஒரு பெண் சந்தோஷமாகச் சொன்னாள்.

அது தெம்பு இல்லை, பதில். எனக்குத் தெரிந்தது, தம்பிக்கும் தெரிந்திருக்கும். அவன் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. ஒவ்வொரு விரலாக விடுவித்தான். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டான்.

"சரிங்கய்யா" என்றாள்.